நான்காவது நிமிடத்துப் பிடி

ஜூடோ என்னும் ஜப்பானியச் சொல்லுக்கு 'மென்மையின் வழி' என்று பொருள். பழைய ஜூஜுத்ஸு மரபுகளில் உயிருக்கு ஊறு செய்யும் அடிகளைக் களைந்து, எதிராளியின் வேகத்தையும் எடையையும் அவனுக்கே எதிராகத் திருப்பிவிடும் உத்திகளைத் தொகுத்து, 1882-ஆம் ஆண்டில் டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ தம்முடைய கலைக்கு இப்படியொரு பெயரைச் சூட்டியதனாலேயோ என்னவோ, அதில் உடல்வலுவுக்கு வேலையில்லை என்ற எண்ணம் பயில்வோரிடையே நெடுங்காலம் ஊறிக் கிடந்தது. பளு தூக்கினால் தசை இறுகிவிடும், உடல் வளையாது, கற்ற உத்தி கெட்டுப்போகும் என்ற அச்சம் ஜூடோவுக்கு மட்டும் உரியதன்று. குத்துச்சண்டை, கராத்தே, குஸ்தி எனப் பல கலைகளின் கூடங்களிலும் அது ஏதேனும் ஒரு வடிவில் இருந்து வந்திருக்கிறது. கானோ வலியுறுத்தியதோ, உள்ள ஆற்றலை மிகச் சிறந்த பயனுக்குச் செலவிட வேண்டும் என்ற கோட்பாட்டை. சிக்கனமாகச் செலவு செய் என்று ஒருவர் சொன்னால் பணமே சேர்க்காதே என்று அவர் சொன்னதாகக் கொள்வது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழையே அந்தக் கோட்பாட்டை வலுப்பயிற்சிக்கு எதிரான வாதமாகக் கொள்வதும்.

அந்தப் பிழை வெளிச்சத்துக்கு வந்த நாளாக 1964 அக்டோபர் 23-ஐக் குறிப்பிடலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றிருந்தது. நான்கு பிரிவுகளில் மூன்றில் ஜப்பான் தங்கம் வென்றிருந்த நிலையில், எடை வரம்பில்லாத நான்காம் பிரிவின் இறுதிப் போட்டியில், நிப்பான் புடோகன் அரங்கில் கூடியிருந்த சொந்த நாட்டு மக்கள் கண்முன்னே, காமினாகா அகியோவைத் தரையில் அழுத்திப் பிடித்து நெதர்லாந்தின் அன்டன் கேசிங்க் வென்றார். 198 செண்டிமீட்டர் உயரமுள்ள கேசிங்கின் உருவத்தைக் காரணம் காட்டி அந்தத் தோல்விக்கு ஆறுதல் தேடியவர்கள் உண்டு. ஆனால் அவர் 1961-லேயே உலகப் பட்டம் வென்றிருந்தவர். உத்தியை ஜப்பானியரிடமே கற்றுக்கொண்டு, அதற்கு மேல் காட்டில் ஓடியும் மரத்துண்டுகளைத் தூக்கியும் உடலைப் பதப்படுத்திக்கொண்டவர். அதே ஒலிம்பிக்கில் 80 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவில் தங்கம் வென்ற இனோகுமா இசாவோ, தம்மைவிட ஏறத்தாழ 30 கிலோ கூடுதல் எடையுள்ள கனடா வீரரை இறுதியில் எதிர்கொண்டவர் என்பதும், பளுப் பயிற்சியை விரும்பி மேற்கொண்ட ஜப்பானியர் என்பதும் அந்த ஆரவாரத்தில் அதிகம் பேசப்படவில்லை. கேசிங்கைக் காட்டிலும் இனோகுமாவே இந்தக் கட்டுரைக்குரிய சான்று எனலாம். பெரிய உடம்புக்காரர் வெல்வதில் வியப்பில்லை.

இதற்குப் பிறகும் பாடம் முழுமையாக மனத்தில் பதியவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் ஆடவர் அணி ஜூடோவில் ஒரு தங்கம்கூடப் பெறாமல் திரும்பியது; ஒலிம்பிக் வரலாற்றில் அப்படி நேர்ந்தது அதுவே முதன்முறை. அதன்பின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற இனோவே கோசே, பயிற்சி நேரத்தை வெறுமனே நீட்டிக்கொண்டே போகும் பழக்கத்தைக் குறைத்து, வலுப்பயிற்சிக்கெனத் தனி வல்லுநர்களை அமர்த்தி, பிற நாட்டு மல்யுத்த மரபுகளையும் வீரர்களுக்குக் காட்டினார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவர் ஐந்தும் மகளிர் நான்குமாக ஒன்பது தங்கங்களை ஜப்பான் வென்றது. வெற்றிக்கு வேறு காரணங்களும் உண்டு, சொந்த மண் என்பதும் அவற்றுள் ஒன்று. இருந்தபோதிலும் உத்திக்குத் தலைநகரமாகக் கருதப்பட்ட நாடே பளுக்கூடத்தை உத்தியின் எதிரியாகக் காண்பதை விட்டுவிட்டது என்பது கவனத்துக்குரிய மாற்றம்.

வீரருக்கு எத்தகைய உடல் தேவை என்பதைப் போட்டியின் நேரக்கணக்கே சொல்லிவிடுகிறது. ஜூடோப் போட்டி நான்கு நிமிடம். அதற்குள் முடிவு தெரியாவிட்டால் 'கோல்டன் ஸ்கோர்' எனப்படும் கால வரம்பற்ற நீட்டிப்பு தொடங்கி, ஒருவர் புள்ளி பெறும்வரையிலோ தண்டனை பெற்று வெளியேறும்வரையிலோ நீளும். 2021-இல் மகளிர் 70 கிலோ அரையிறுதியில் ஜப்பானின் அராய் சிசுருவும் ரஷ்ய வீராங்கனை மதினா தைமசோவாவும் 16 நிமிடங்களுக்கும் மேலாகப் பொருத வேண்டியதாயிற்று. அராய் அதை வென்று, அன்றே இறுதிப் போட்டியிலும் வென்றார். நான்கு நிமிடமும் ஒரே சீராகச் செல்வதில்லை. 20 அல்லது 30 விநாடி கடும் இழுபறி, நடுவர் நிறுத்தும்போது ஏறத்தாழ 10 விநாடி ஓய்வு, மீண்டும் இழுபறி என்று விட்டுவிட்டு நடப்பதால், ஓட்டப்பந்தய வீரரின் உடலும் பளுதூக்குபவரின் உடலும் இதற்குத் தனித்தனியே போதாமல் போகின்றன.

தசை சுருங்குவதற்கு வேண்டிய ஆற்றலை ஏடிபி என்னும் மூலக்கூறு தருகிறது. உடலில் அதன் இருப்பு மிகச் சொற்பமாகையால், செலவான கணமே அது மீண்டும் உருவாக்கப்பட்டாக வேண்டும். அதற்கு உடலிடம் மூன்று வழிகள் இருக்கின்றன. தசையிலேயே சேமித்து வைக்கப்பட்டிருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட் என்ற பொருளைக் கொண்டு உடனடியாக உருவாக்குவது முதல் வழி. எதிராளியைத் தோளுக்கு மேல் தூக்கி எறியும் அந்த ஒரு நொடிக்கு இதுவே உதவுகிறது, ஆனால் முழு முயற்சியில் 10 விநாடியளவில் வற்றத் தொடங்கிவிடுகிறது. சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலேயே உடைப்பது இரண்டாம் வழி. ஓரிரு நிமிடம் தாக்குப்பிடிக்க உதவும் இந்த வழியில் தசைக்குள் அமிலத்தன்மை கூடுவதால் கை எரிந்து கனக்கத் தொடங்குகிறது. ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் எரிப்பது மூன்றாம் வழி. மெதுவானது, ஆனால் மணிக்கணக்கில் நீடிப்பது. சண்டைக் கலைஞர் பலர் முதல் இரண்டை மட்டுமே தமக்குரியவை என்று எண்ணி மூன்றாவதை நெடுந்தூர ஓட்டக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். வற்றிய கிரியாட்டின் பாஸ்பேட்டை மீண்டும் நிரப்புவது இந்த மூன்றாம் வழியே என்பதும், ஏறத்தாழ அரை நிமிடத்தில் அதில் பாதி நிரம்பிவிடும் என்பதும் தெரிந்தால், நடுவர் நிறுத்தும் அந்த 10 விநாடியில் யார் அதிகம் மீண்டெழுகிறார் என்பதே நான்காவது நிமிடத்தைத் தீர்மானிக்கிறது என்பது விளங்கும். மூச்சுத்திறன் மிக்கவரால் இரண்டாம் முறையும் எறிய முடிகிறது. மற்றவர் எறிவதுபோல் பாவனை செய்கிறார்.

இந்த மூச்சுத்திறனை வளர்க்கச் சண்டைப் பயிற்சிக் கூடங்களில் இன்று எங்கும் பேசப்படும் 'தபாத்தா' முறை, 1996-இல் ஜப்பானிய ஆய்வாளர் தபாத்தா இசுமி வெளியிட்ட ஆய்விலிருந்து பெயர் பெற்றது. 20 விநாடி கடும் உழைப்பு, 10 விநாடி ஓய்வு என ஏழெட்டு முறை மாறி மாறிச் செய்த குழுவுக்கு, ஆறு வாரத்தில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனும் கூடியது, ஆக்சிஜனின்றி இயங்கும் திறனும் 28 விழுக்காடு கூடியது. ஆனால் அந்த ஆய்வில் உழைப்பு என்று சொல்லப்பட்டது, ஆக்சிஜன் பயன்பாட்டின் உச்ச அளவைக் காட்டிலும் 70 விழுக்காடு மிகுதியான வேகத்தில் மிதிவண்டிப் பொறியை மிதிப்பது. எட்டாவது சுற்றுக்குள் மிதிக்க முடியாமல் கால் நின்றுபோகும் அளவுக்கு அது கடுமையானது. பாட்டுப் போட்டுக்கொண்டு 20 விநாடி குதித்து 10 விநாடி நிற்பதற்கு அந்தப் பெயரைச் சூட்டுவது, வெந்நீரில் ஒரு மிளகைப் போட்டு ரசம் என்று சொல்வதைப் போன்றது.

வலு என்பதற்கு வருவோம். எடைப் பிரிவில் போட்டியிடுபவர் எடை கூடாமல் வலுக் கூட வேண்டும் என்று விரும்புவது இயல்பு. அது முடியாத ஆசையன்று. ஒரு தசையின் வலு அதன் பருமனை மட்டும் பொறுத்ததன்று, நரம்பு மண்டலம் அந்தத் தசையின் எத்தனை இழைகளை ஒரே நேரத்தில் வேலைக்கு அழைக்கிறது என்பதையும் பொறுத்தது. ஒரு நரம்பணுவும் அது இயக்கும் இழைகளும் சேர்ந்த தொகுதி 'இயக்க அலகு' எனப்படுகிறது. சிறிய வேலைக்குச் சிறிய அலகுகளும், வேலை கனக்கக் கனக்கப் பெரிய அலகுகளும் வரிசையாக அழைக்கப்படுகின்றன. எனவே பெரிய அலகுகளுக்கு வேலை வைக்க வேண்டுமானால் கனமான எடையைத் தூக்க வேண்டும், அல்லது இலேசான எடையை இயன்ற மட்டும் வேகமாக வீச வேண்டும். புதிதாகப் பயிற்சி தொடங்கியவரின் வலு முதல் சில வாரங்களில் மளமளவென்று கூடுவதும், அப்போது தசை கண்ணுக்குத் தெரியும்படி பருக்காமல் இருப்பதும் இந்த நரம்பு மாற்றத்தினால்தான். ஆகவே சண்டைக் கலைஞர்கள் ஸ்குவாட், டெட்லிஃப்ட், புல் அப் போன்ற பெருந்தசைப் பயிற்சிகளில் மூன்று முதல் ஐந்து முறை மட்டுமே தூக்கக்கூடிய கனமான எடையை எடுத்து, ஒவ்வொரு தொகுதிக்கும் இடையே மூன்று நிமிடமளவு ஓய்வும் எடுத்துக்கொள்ளும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். அந்த மூன்று நிமிட ஓய்வைச் சோம்பல் என்று கருதி வெட்டிவிடும் பயிற்சியாளர்கள், வலுப்பயிற்சியை அறியாமலே மூச்சுப் பயிற்சியாக மாற்றிவிடுகிறார்கள்.

உச்ச வலு மட்டும் இருந்தாலும் போதாது. ஒரு தசை தன் முழு விசையை எட்டுவதற்கு 300 மில்லி விநாடியோ அதற்கு மேலோ ஆகும். குத்தும் உதையும் எறிதலின் நுழைவும் அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. எனவே எவ்வளவு விசை என்பதோடு எவ்வளவு விரைவில் அந்த விசை எழுகிறது என்பதும் கணக்கில் வருகிறது. இதற்கு 'வெடிதிறன்' என்ற சொல் பொருந்தும். கனமான எடையைக் கொண்டு அடித்தளம் இட்டபின், மருந்துப் பந்து எனப்படும் கனத்த பந்தைச் சுவரில் எறிவது, பெட்டியின் மீது தாவுவது, பளுதூக்கும் போட்டியில் உள்ளதுபோல் தண்டை ஒரே வீச்சில் தோளுக்குக் கொண்டுவருவது ஆகிய பயிற்சிகளால் இத்திறன் கூர்மை பெறுகிறது.

விசை எங்கிருந்து புறப்படுகிறது என்பதிலும் பொதுவான எண்ணத்துக்கும் அளவீட்டுக்கும் இடைவெளி உண்டு. 1985-இல் சோவியத் ஆய்வாளர்கள் 120 குத்துச்சண்டை வீரர்களின் நேர்க்குத்தை அளந்தபோது, தேர்ந்த வீரர்களின் குத்தில் ஏறத்தாழ 38 விழுக்காடு கால் தரையை உதைப்பதிலிருந்தும், அதை ஒட்டிய அளவு இடுப்பும் உடலும் திரும்புவதிலிருந்தும், நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவானது மட்டும் கையிலிருந்தும் வருவது தெரிந்தது. கீழ்நிலை வீரர்களிடம் காலின் பங்கு 17 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அவர்கள் பெரும்பாலும் மேலுடலாலேயே குத்திக்கொண்டிருந்தார்கள். தரையில் தொடங்கிய விசை முழங்கால், இடுப்பு, தோள் என்று கைமாறிக் கைமாறிச் செல்லும் வழியில் வயிறும் முதுகும் தளர்ந்திருந்தால், ஓட்டை விழுந்த குழாயில் நீர் ஒழுகுவதுபோல் விசை ஒழுகிவிடும். அதே நேரத்தில் எப்போதும் இறுகியிருப்பதும் பயனளிப்பதில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர் முன்னணிக் கலப்புச் சண்டை வீரர்களிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அடி தொடங்கும்போது தசை ஒருமுறை இறுகி, கை அல்லது கால் பாயும்போது தளர்ந்து, இலக்கைத் தொடும் கணத்தில் மறுபடியும் இறுகுவது உடலில் ஒட்டிய மின்முனைகளில் பதிவாயிற்று. இடையில் வரும் அந்தத் தளர்ச்சியில்தான் வேகம் இருக்கிறது. கானோ சொன்ன மென்மைக்கு மின்முனைகளின் மொழியில் எழுதப்பட்ட விளக்கம் என்று இதைக் கருதுவதில் தவறில்லை.

குத்துச்சண்டைக்குக் கால் எப்படியோ ஜூடோவுக்குப் பிடி அப்படி. எதிராளியின் தடித்த பருத்தி அங்கியின் கழுத்துப்பட்டியையும் கைப்பகுதியையும் பற்றாமல் எந்த எறிதலும் தொடங்குவதில்லை. பற்றியிருக்கும்போது முன்னங்கைத் தசைகள் நீளம் மாறாமல் இறுகி நிற்கின்றன. இப்படி அசைவின்றி விசை செலுத்துவதை 'நிலைச் சுருக்கம்' என்பர். இறுக்கம் உச்ச வலுவின் பாதியளவைத் தாண்டும்போது, வீங்கிய தசையே தனக்கு வரும் இரத்தக்குழாயை நெரித்துக்கொள்வதால், ஆக்சிஜன் வரவும் கழிவு வெளியேற்றமும் தடைப்பட்டு, விரல்கள் தாமாகவே விரியத் தொடங்குகின்றன. நான்காவது நிமிடத்தில் பிடி நழுவுவதன் உடலியல் இதுதான். ஆகையால் ஒருமுறை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க முடியும் என்பதைவிட, பிடித்து விட்டு மீண்டும் பிடிக்கும் ஆற்றல் எத்தனை முறை நீடிக்கிறது என்பதே தேர்ந்த வீரரைப் பிரித்துக் காட்டுகிறது. இதற்குச் செலவில்லாத கருவி பழைய ஜூடோ அங்கியே. அதைத் தண்டின் மீது போட்டு, தொங்கும் இரு மடிப்புகளையும் பற்றிக்கொண்டு உடலை மேலே இழுத்தால், இரும்புத் தண்டில் பத்து முறை எழக்கூடியவர் பலருக்கு ஐந்தாவது முறையே கை திறந்துகொள்ளும். மற்போரில் இந்த நிலைச் சுருக்கத்துக்குரிய இடம் தமிழுக்குப் புதிதன்று. போர்வைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சொல்லும் புறநானூற்று 80-ஆம் பாடலில், வென்றவனின் ஒரு கால் மல்லனின் மார்பிலும் மற்றது அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறத்திலும் இருக்கும் நிலை காட்டப்படுகிறது. எறிந்ததோடு முடியாமல் அசையவிடாமல் நிறுத்துவதே வெற்றியாகக் கொள்ளப்பட்டிருப்பதை அங்கே காணலாம்.

இத்தனை திறன்களும் ஒருங்கே எந்த அளவில் இருக்கின்றன என்பதை அறிய, போலந்தைச் சேர்ந்த ஸ்டெர்கோவிச் 1995-இல் வகுத்த ஒரு சோதனை உலகெங்கும் ஜூடோக் கூடங்களில் கையாளப்படுகிறது. ஏறத்தாழ ஒரே எடையுள்ள இரு துணைவர்கள் 6 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்க, சோதனைக்குரியவர் நடுவிலிருந்து புறப்பட்டு ஒருவரிடம் ஓடித் தோள்வழியே எறிந்து, திரும்பி மற்றவரிடம் ஓடி எறிந்து, இப்படியே மாறி மாறிச் செய்ய வேண்டும். முதலில் 15 விநாடி, பின்னர் 30, மறுபடி 30. இடையிடையே 10 விநாடி மட்டும் ஓய்வு. முடிந்த உடனே ஒருமுறையும் ஒரு நிமிடம் கழித்து ஒருமுறையும் இதயத்துடிப்பை எண்ணி, இரண்டையும் கூட்டி, மொத்த எறிதல்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, முடிவில் 184, ஒரு நிமிடத்துக்குப் பின் 154, எறிதல் 26 என்றால், கிடைக்கும் எண் 13. இந்த எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. எறிதல் கூடினாலும் குறையும், இதயம் விரைவில் அடங்கினாலும் குறையும். இரண்டு மாதப் பயிற்சிக்குப் பின் எண் குறைந்திருந்தால், அந்தக் குறைவு கையால் வந்ததா மூச்சால் வந்ததா என்பதை மூன்று எண்களையும் தனித்தனியே பார்த்தாலே கண்டுகொள்ளலாம். ஒரு கடிகாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும் என்பதால், ஆய்வகத்தை எட்ட முடியாத சிற்றூர்க் கூடத்துக்கும் இது பொருந்துகிறது.

பளுக்கூடம் வருவதற்கு முன் உடலைப் பதப்படுத்தியவர்கள் கருவியில்லாமல் இருந்துவிடவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் மல்லர்களின் பயிற்சியைப் பேசும் இடத்தில், பாரம் தூக்குதல், நடத்தல், நீந்துதல், தூணில் பயிலுதல் ஆகியவற்றைச் சொல்கிறது. வலு, மூச்சு இரண்டையும் தனித்தனியே வளர்க்க வேண்டும் என்ற அறிவு அங்கே தெளிவாக இருக்கிறது. தமிழ்நாட்டுத் தாலிம் கூடங்களில் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் இன்றும் வழங்குகின்றன. கர்லாக்கட்டை 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படையினர் வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று, 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றுதல் என்னும் தனிப் போட்டியாகவே இடம்பெற்றது. அதன் சிறப்பு எடை கையிலிருந்து விலகி இருப்பதில் அடங்கியிருக்கிறது. 5 கிலோ டம்பெல்லின் எடை உள்ளங்கைக்குள்ளேயே இருப்பதால் மணிக்கட்டை அது அதிகம் முறுக்குவதில்லை. அதே 5 கிலோ, கையிலிருந்து அரை மீட்டர் தள்ளி எடைமையம் அமைந்த கர்லாவாக இருந்து, கிடையாக நீட்டிப் பிடிக்கப்பட்டால், மணிக்கட்டில் விழும் முறுக்கு ஏறத்தாழ 24 நியூட்டன் மீட்டர். சுழலும்போது அது இன்னும் கூடும். தலைக்குப் பின்னால் சுழன்று இறங்கும் கட்டையை நிறுத்தித் திருப்புவதற்குத் தோளின் பின்புறத் தசைகள் நீண்டுகொண்டே விசை செலுத்த வேண்டியிருக்கிறது. எதிராளி இழுக்கும்போது தோள் மூட்டைக் காப்பதும் அந்தத் தசைகளே. ஒகினாவாவின் கராத்தே மரபில் கைப்பிடியின் ஒரு முனையில் மட்டும் கல்லைப் பொருத்திய சி-இஷி என்னும் கருவி இதே கணக்கில் எழுந்தது. எனினும் பழையது என்பதற்காகவே எதையும் போற்றிவிடலாகாது. பழைய முறையில் எண்ணிக்கை ஏறுமே தவிரப் பாரம் அரிதாகவே ஏறும். ஆயிரம் பஸ்கி போடுபவரின் கால் தாங்குதிறனில் தேறுமேயன்றி, வெடிதிறன் அதே அளவில் வளர்ந்துவிடாது.

கருத்தளவில் எளிதாகத் தோன்றி நடைமுறையில் பிழையாகும் பழக்கங்களில், டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு காற்றில் குத்துவது முதலிடம் பெறும். குத்து முன்னோக்கிப் பாய்கிறது. டம்பெல்லின் எடையோ கீழ்நோக்கி இழுக்கிறது. ஆகவே தோளின் முன்தசை கையைத் தூக்கிப் பிடிக்கப் பழகுகிறதே தவிர, குத்தும் விசை வளர்வதில்லை; நாளடைவில் குத்தின் பாதையே மாறிவிடவும் கூடும். குத்தின் திசையிலேயே தடை வேண்டுமென்றால், பின்னால் கட்டிய ரப்பர்ப் பட்டையை இழுத்துக் குத்தலாம். கணுக்காலில் எடை கட்டிக்கொண்டு வேகமாக உதைப்பதும் இதே வகை. காலின் நுனியில் சேர்ந்த எடை உதையின் முடிவில் முழங்காலைப் பிடுங்குகிறது. சூடேற்றாமல் பாரம் தூக்குவதன் விளைவுக்குப் புரூஸ் லீயைக் காட்டிலும் பெயர்பெற்ற சான்று கிடைக்காது: 1970-இல் தோளில் தண்டைச் சுமந்து முன்குனியும் பயிற்சியின்போது கீழ்முதுகைக் காயப்படுத்திக்கொண்டு அவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேர்ந்தது.

காயத் தடுப்பில் கழுத்துக்குத் தனி இடம் தர வேண்டும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவ விளையாட்டாளர்கள் 6,700 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வு, கழுத்து வலு ஒரு பவுண்டு கூடும்தோறும் தலையதிர்ச்சிக்கான வாய்ப்பு 5 விழுக்காடு குறைவதைக் காட்டியது. அவர்கள் ஆடியவை கால்பந்தும் கூடைப்பந்தும் லக்ரோஸும் என்பதால் அதைச் சண்டைக்கு அப்படியே பொருத்த இயலாது என்றாலும், தலை திடீரென அசையாமல் தாங்குவது கழுத்தே என்ற இயற்பியல் எங்கும் ஒன்றுதான். முழங்காலுக்குப் பின்தொடைத் தசைகளின் வலு அரணாகிறது. எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் திரும்பும்போது மூட்டின் உள்ளே இருக்கும் சிலுவை நார் அறுந்து போகாமல் காப்பதில் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. சிறுவர்கள் பளு தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. தகுந்த மேற்பார்வையும் அளவான எடையும் இருந்தால் போதும்.

இத்தனையையும் ஒரே வாரத்தில் திணிக்கும்போது சிக்கல் எழுகிறது. 1980-இல் அமெரிக்க ஆய்வாளர் ஹிக்சன், வலுப்பயிற்சியையும் கடும் ஓட்டம், மிதிவண்டிப் பயிற்சியையும் பத்து வாரம் சேர்த்துச் செய்த குழுவின் கால்வலு, தொடக்கத்தில் நன்கு ஏறி, கடைசி இரு வாரங்களில் இறங்குவதைக் கண்டார். வலுப்பயிற்சி மட்டும் செய்த குழுவுக்கு அப்படி நேரவில்லை. ஒரே உடலிடம் இரு வேறு கட்டளைகள் ஓயாமல் இடப்படும்போது வலு பின்தங்குகிறது. எனவே போட்டிக்கு மூன்று நான்கு மாதத்துக்கு முன் வாரத்தில் மூன்று நாள் கனமான பளு, போட்டி நெருங்க நெருங்க அதை இரண்டாகவும் பின்னர் ஒன்றாகவும் குறைத்து வெடிதிறனுக்கும் பாய் மீது நடக்கும் சண்டைப் பயிற்சிக்கும் இடம் விடுவது, கடைசி ஒன்றிரண்டு வாரத்தில் மொத்த அளவைக் குறைத்துத் தீவிரத்தை மட்டும் காத்துக்கொள்வது என்ற ஒழுங்கு பின்பற்றப்படுகிறது. வளர்ச்சி பயிற்சியின்போது நிகழ்வதில்லை, அதற்குப் பிந்திய உறக்கத்திலும் உணவிலும் நிகழ்கிறது. வலுப்பயிற்சியும் புரதமும் பற்றிய 49 ஆய்வுகளை 2018-இல் தொகுத்துப் பார்த்தவர்கள், உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதத்துக்கு மேல் உண்பதால் தசை வளர்ச்சியில் பெரிய கூடுதல் பயன் தெரியவில்லை என்று கண்டனர். 60 கிலோ வீரருக்கு அது 96 கிராம். முட்டையும் மீனும் பருப்பும் தயிரும் சுண்டலும் வேளைதோறும் இலையில் இருந்தால் டப்பா மாவில்லாமலே எட்டிவிடக்கூடிய அளவு. சோற்றின் அளவோடு ஒப்பிட்டால் பருப்பு மிகவும் குறைந்திருக்கும் நம் வழக்கமான சாப்பாட்டில் அது தானாக வந்துவிடாது.

மாதக்கணக்கில் சேர்த்த இந்த வலுவை ஒரே நாளில் கரைக்கும் வழக்கமும் சண்டைக் கலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாழ்ந்த எடைப் பிரிவில் நுழைவதற்காக, எடை பார்ப்பதற்கு முந்திய நாள் நீர் அருந்தாமல், ரப்பர் உடை அணிந்து வெப்ப அறையில் வியர்வை வடிப்பதே அது. 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் இவ்வாறு எடை குறைக்கும் முயற்சியில் உயிரிழந்தபின், அங்குக் கல்லூரி விளையாட்டு விதிகள் திருத்தப்பட்டன. உடல் எடையில் சில விழுக்காட்டு நீர் இழந்தாலே இரத்தத்தின் கொள்ளளவு குறைந்து, அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியதாகிறது. முன்னே சொன்ன ஸ்டெர்கோவிச் சோதனையில் அந்த எண் உடனே ஏறிவிடும். எடை பார்க்கும் முறையும் விளையாட்டுக்கு விளையாட்டு மாறுகிறது. ஜூடோவில் போட்டிக்கு முந்திய மாலையில் எடை பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் சிலரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, வரம்பைவிட 5 விழுக்காட்டுக்கு மேல் எடை ஏறியிருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். மல்யுத்தத்திலோ ஒரு பிரிவின் போட்டிகள் இரண்டு நாள் நடப்பதால் இரண்டு காலையும் தராசில் ஏற வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவில் முதல் நாள் மூன்று போட்டிகளையும் வென்று இறுதிக்கு வந்த வினேஷ் போகாட், இரண்டாம் நாள் காலையில் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் களம் இறங்காமலே தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.